செய்மதிக் கண்ணில் பழைய யாழ்ப்பாணம்: தோண்டாமல் ஊர்களைத் தேடுவது எப்படி?

செய்மதிப் படம் என்றதும் எங்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 2009 மே மாதம்தான். முள்ளிவாய்க்காலுக்குள் சுயாதீன ஊடகவியலாளர் எவரும் போக முடியாதிருந்த நாட்கள் அவை. அப்போது மே 6ஆம் திகதியும் மே 10ஆம் திகதியும் எடுக்கப்பட்ட படங்களை அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் அருகருகே வைத்து ஆராய்ந்தது. முதற் படத்தில் நெருக்கமாக நின்ற தறப்பாள் கொட்டில்கள் பல அடுத்த படத்தில் இல்லை. நிலத்தில் எறிகணைக் குழிகள் தெரிந்தன. ஐ.நா.வின் செய்மதி ஆய்வுப் பிரிவான யுனோசற் செய்த ஆய்வுகளை 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையும் பயன்படுத்தியது. மனிதர் போக முடியாத இடத்தில் நிலமே சாட்சி சொன்னது.

இதே முறையில்தான் உலகின் பல இடங்களில் தொல்லியலாளர்கள் ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஊர்களைத் தேடுகிறார்கள். இரண்டு காலத்துப் படங்களை அருகருகே வைப்பது. எது மாறியிருக்கிறது, எது மாறாமல் இருக்கிறது என்று கேட்பது. இயற்கையாக இருக்கமுடியாத கோடு, வட்டம், மேடு எங்கே என்று தேடுவது. தமிழில் இதைத் தொலையுணர்வு என்கிறோம். நிலத்தைத் தொடாமல், தொலைவிலிருந்து அதன் இயல்பை அறிவது என்று பொருள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இந்த முறை ஏன் அவசரமாகத் தேவைப்படுகிறது, அதனால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதை விளக்குவதே இக்கட்டுரை. இது தொல்லியலாளருக்கு மட்டும் உரிய விடயம் அல்ல. எங்கள் காணி, எங்கள் குளம், எங்கள் ஊர்ப்பெயர் எல்லாம் இதற்குள் வருகின்றன.

போர் தந்த கண்

வானிலிருந்து பழைய இடங்களைத் தேடும் முறை போர்க்களத்தில் பிறந்தது. முதலாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப் படையில் அவதானிப்பாளராக இருந்த ஓ. ஜீ. எஸ். க்ரோஃபோர்ட், வானிலிருந்து எடுக்கப்படும் படங்களில் பழைய வயல் எல்லைகளும் புதைந்த அகழிகளும் தெரிவதைக் கவனித்தவர். போருக்குப் பின் வான்வழித் தொல்லியலுக்கு அடித்தளம் இட்டவர்களில் அவரும் ஒருவர். 1920களில் சிரியாவின் பாலைநிலத்தின் மேலாகப் பறந்து உரோமர் காலத்துப் பாதைகளையும் கோட்டைகளையும் பதிவு செய்த அன்ரோயின் பொய்டெபார்ட் என்ற பாதிரியாரும் அப்படியே படைவிமானங்களைப் பயன்படுத்தினார்.

அடிப்படை எளிது. புதைந்த சுவருக்கு மேலே மண் ஆழமில்லாமல் இருக்கும். அங்கே பயிர் விரைவில் வாடும். தூர்ந்துபோன அகழிக்கோ குளத்துக்கோ மேலே மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருக்கும். அங்கே பயிர் கூடுதல் நாட்கள் பச்சையாக நிற்கும். தரையில் நின்று பார்ப்பவருக்கு இது வெறும் பச்சைத் திட்டு. மேலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு சதுரம், ஒரு வட்டம், நீண்டு வளையும் ஒரு கோடு.

செய்மதிகள் இதற்கு மேலும் சிலவற்றைச் சேர்த்தன. எங்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அவை பதிவு செய்கின்றன. நலமான இலை அந்த ஒளியை அதிகமாகத் தெறிக்கவைக்கும், வாடிய இலை குறைவாக. கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரியும் இரண்டு தோட்டங்கள் அந்தப் படத்தில் வேறு வேறாகத் தெரியும். மண்ணின் ஈரம், கனிமம், வெப்பம் என்பனவும் அப்படியே. ராடர் செய்மதிகள் சூரிய ஒளியை நம்பியிருப்பதில்லை. தாமே நுண்ணலைகளை அனுப்பித் திரும்பிவருவதை அளப்பதால் இரவிலும் முகிலுக்கு மேலிருந்தும் பார்க்கும். ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை மாரி முகில் மூடும் எங்கள் வானத்துக்கு இது முக்கியம். விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ லேசர் கதிர்களைப் பொழிந்து, இலைகளின் இடைவெளியால் தரையைத் தொட்டுத் திரும்பும் கதிர்களை மட்டும் பிரித்து நிலத்தின் மேடுபள்ளத்தை வரையும் லைடார் என்ற முறையும் உண்டு. கம்போடியாவின் அங்கோரில் 2012இல் செய்யப்பட்ட லைடார் அளவையில், காட்டுக்கு அடியில் மறைந்திருந்த தெருக்களும் குளங்களும் வாய்க்கால்களும் வெளிப்பட்டன.

எங்கள் நிலம் எப்படிப்பட்டது?

குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கும் தட்டையான நிலம். மலை இல்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் கல்லின் வெடிப்புகளால் கீழிறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர் வில்லையாக மிதக்கிறது. அதைத்தான் கிணற்றால் அள்ளுகிறோம். நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து பத்து மீற்றருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. நடுவே கடல்நீரேரிகள் புகுந்து வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி என்று நிலத்தைப் பிரிக்கின்றன.

இப்படிப்பட்ட நிலத்தில் நன்னீர் எங்கே நிற்கும் என்பதுதான் ஊர் எங்கே அமையும் என்பதைப் பெரிதும் தீர்மானித்திருக்கும். எனவே பழைய யாழ்ப்பாணத்தைத் தேடுவது என்பது முதலில் பழைய தண்ணீரைத் தேடுவதுதான். செய்மதிக்கு மிக நன்றாகத் தெரியும் விடயங்களில் தண்ணீரும் ஈரமும் முதன்மையானவை. யாழ்ப்பாணத்துக்கு இந்த முறை பொருந்துவதற்கு அதுவே முதற்காரணம்.

இதுவரை நிலத்தில் இறங்கிச் செய்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? கந்தரோடையில் 1910களின் இறுதியில் போல் ஈ. பீரிஸ் ஆராய்ந்து, சிறு தூபிகளின் எச்சங்களையும் பழைய நாணயங்களையும் பற்றி எழுதினார். 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு அங்கே அகழ்ந்தது. கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டோடு தொடர்புபட்ட, கிறிஸ்துவுக்கு முற்பட்ட குடியிருப்பு அங்கே இருந்தமை தெளிவானது. 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொற்சாசனத்தில் நாகதீவு என்ற பொருள்தரும் இடப்பெயர் வருகிறது. 1980ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி ஆனைக்கோட்டையில் பொ. இரகுபதி உள்ளிட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் ஆய்வு செய்தபோது, பெருங்கற்கால ஈமப் புதைகுழி ஒன்றில் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். அதே 1981இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 வந்தது. குடாநாட்டின் ஆரம்பகாலக் குடியிருப்புகள் பற்றிய இரகுபதியின் விரிவான களஆய்வு நூல் 1987இல் சென்னையில் வெளியானது. ப. புஷ்பரட்ணத்தின் பூநகரித் தொல்பொருளாய்வு 1993இல் போருக்கு நடுவே வந்தது. மற்றப்படி ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் வடக்கில் பெரிய அளவில் மண்ணைத் தோண்டி ஆராய வழியில்லை. இந்த இடைவெளியில்தான் உலகத் தொல்லியல் கணினிக்கும் செய்மதிக்கும் மாறியது. நாங்கள் அந்த மாற்றத்தைப் பதுங்குகுழிக்குள் இருந்து தவறவிட்டோம்.

வழுக்கையாற்றின் வழியே

கந்தரோடையைப் படத்தில் திறந்து பாருங்கள். முதலில் கண்ணில் படுவது தூபிகள் அல்ல. அவற்றின் விட்டம் சில மீற்றர்தான். சாதாரண செய்மதிப் படத்தில் அவை ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். முதலில் தெரிவது வழுக்கையாறு.

வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும் ஆறு. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை வழியாகத் தென்மேற்கே இறங்கி அராலியில் கடல்நீரேரியைச் சேர்கிறது. கோடையில் போய்ப் பார்த்தால் வயலுக்கு நடுவே ஒரு வாய்க்கால் போலக் கிடக்கும். பலர் அதைத் தாண்டிப் போகும்போது ஆறு என்றே நினைப்பதில்லை. ஆனால் மாரி முடிந்த மாதங்களில் எடுத்த அகச்சிவப்புப் படத்தில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே வயலும் ஈரமும் சேர்ந்து ஒரு நீண்ட பட்டையாகத் தெரிகின்றன. அதைத் தொட்டும் அதன் அருகிலும் குளங்கள். கந்தரோடைக் குளமும் அவற்றில் ஒன்று.

அந்தப் பட்டையின் மேல் கந்தரோடையை வைத்துப் பார்க்கும்போது கேள்விகள் பிறக்கின்றன. உள்நாட்டில், கடலிலிருந்து தள்ளி இருந்த இந்த ஊருக்கு உரோம நாணயங்கள் எப்படி வந்தன? நீரோட்டம் முன்பு இன்னும் அகலமாக இருந்ததா? கடல்நீரேரி இன்றைய கரையிலிருந்து உள்ளே ஏறி நின்றதா? இலங்கையின் கரையோரங்களில் ஏறத்தாழ ஐயாயிரம், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்ததற்குச் சிப்பிப் படிவுகளும் முருகைக்கல் படிவுகளும் சான்று தருகின்றன. பத்து மீற்றர் உயரம்கூட இல்லாத நிலத்தில் ஒரு மீற்றர் ஏற்ற இறக்கம் என்பது ஊரின் வடிவத்தையே மாற்றிவிடும். படம் இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லாது. எந்த இடத்தில் குழாயை இறக்கி அடிமண்ணை எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும் என்று காட்டும். அந்த மண்ணில் கடற்சிப்பி இருக்கிறதா, நன்னீர் நத்தை இருக்கிறதா, எந்தச் செடியின் மகரந்தம் இருக்கிறது என்று பார்த்தால் பழைய சூழலை எழுதலாம்.

மணலுக்கு அடியில் வல்லிபுரம்

வடமராட்சியின் கிழக்குக் கரையில் நிலைமை வேறு. வல்லிபுரத்திலிருந்து மணற்காடு, நாகர்கோவில் வரை மணல்மேடுகள் கரைக்குச் சமாந்தரமாக நீள்கின்றன. மணற்காட்டில் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அந்தத் தேவாலயத்தையே மூடிய மணலுக்கு இரண்டாயிரம் ஆண்டு கிடைத்தால் என்ன செய்யும்? வல்லிபுரத்தில் மேற்பரப்பில் சிதறிக் கிடக்கும் ஓட்டுத் துண்டுகளும் செங்கல் துண்டுகளும், அடியில் பெரிய குடியிருப்பு இருந்திருக்கலாம் என்று சொல்கின்றன.

மணலை ஊடுருவிப் பார்க்கும் ராடர் பற்றி ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. 1981இல் அமெரிக்க விண்ணோடம் ஒன்றிலிருந்த ராடர், சகாராப் பாலைவனத்தின் மணலுக்கு அடியில் புதைந்த பழைய ஆற்றுப்படுகைகளைக் காட்டியது. வல்லிபுரத்திலும் அப்படிப் பார்க்கலாமா என்று கேட்கத் தோன்றும். சகாராவின் மணல் எலும்புபோல வறண்டது. எங்கள் மணல் சற்று ஆழத்திலேயே ஈரமானது, கரையருகில் உப்பும் சேர்ந்தது. ஈரமும் உப்பும் ராடர் அலையை நிறுத்திவிடும். ஆகவே இங்கே விண்ணிலிருந்து ஊடுருவிப் பார்ப்பதைவிட, மேடுகள் எந்தத் திசையில் நகர்ந்தன, பழைய கரைக்கோடுகள் எங்கே கிடக்கின்றன என்று படங்களில் வரிசையாகப் பார்ப்பதே பயன் தரும்.

அதற்கும் காலம் குறைவு. வடமராட்சி கிழக்கில் மணல் அள்ளுவது பற்றி அந்த மக்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வருகிறார்கள். அவர்கள் அஞ்சுவது கடல் உள்ளே வரும் என்று, கிணறு உவராகும் என்று. 2004 சுனாமியைக் கண்ட கரை அது. உழவு இயந்திரத்தில் ஏறும் மணலோடு பழைய ஊரின் அடுக்குகளும் போகின்றன என்பதை அந்த முறைப்பாட்டோடு சேர்த்துச் சொல்லவேண்டும். ஓட்டுத் துண்டு தனியே கிடைத்தால் அது வெறும் ஓடு. எந்த அடுக்கில் எதன் அருகில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் அது சான்று.

பழைய படங்கள் ஏன் பொன்னை விட மேல்?

இன்றைய படத்தில் யாழ்ப்பாணத்தைப் பார்த்தால் எல்லாம் குழம்பிக் கிடக்கும். போர் நிலத்தில் நிறைய எழுதிவிட்டுப் போயிருக்கிறது. மண் அணைகள், பதுங்குகுழி வரிசைகள், எறிகணைக் குழிகள், முகாம்களைச் சுற்றிய அகழிகள். முகமாலையிலிருந்து நாகர்கோவில் வரையும் கிளாலி வரையும் முன்னரங்குகள் நின்ற நிலத்தை எண்ணிப் பாருங்கள். நூறு ஆண்டு கழித்து ஒருவர் அந்த மண் அணையைப் படத்தில் கண்டால், பழைய நகரத்தின் மதில் என்றே சொல்லக்கூடும். வட்டமான பள்ளம் ஒன்று பழைய கேணியா, குண்டு விழுந்த குழியா?

இதைப் பிரித்தறிய ஒரே வழி, போருக்கு முந்திய படம். அப்படிப்பட்ட படங்கள் இருக்கின்றன. 1956இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு இலங்கையின் வான்படங்கள் எடுக்கப்பட்டன. நாட்டின் வரைபடங்கள் பலவற்றுக்கு அவையே அடிப்படை. அடுத்தது, அமெரிக்காவின் கொரோனா என்ற உளவுச் செய்மதித் தொடர். 1960 முதல் 1972 வரை அது கறுப்பு-வெள்ளைப் படச்சுருளில் உலகைப் படம் பிடித்தது. சுருளை ஒரு கூட்டுக்குள் வைத்துக் கீழே போடும். அது பரசூட்டில் இறங்கும்போது விமானம் ஒன்று நடுவானிலேயே கொளுவிப் பிடிக்கும். பின்னாளைய கொரோனாப் படங்களில் இரண்டு மீற்றர் அளவுள்ள பொருட்களும் தெரியும்.

எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்களின் இரகசியம் 1995 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதியின் உத்தரவால் நீக்கப்பட்டது. அதே 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். நாங்கள் ஊரைவிட்டு வெளியேறிய ஆண்டில்தான், அந்த ஊர்கள் கலையாமல் இருந்த காலத்துப் படங்கள் உலகுக்குத் திறந்தன.

மத்திய கிழக்கில் அந்தப் படங்களை வைத்து என்ன செய்தார்கள் என்பது எங்களுக்கு முன்மாதிரி. சிரியாவின் வடகிழக்கில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஊர்களிலிருந்து வயலுக்கு மாடும் மனிதரும் நடந்து தேய்ந்த பாதைகளை ஜேசன் ஊர் என்ற ஆய்வாளர் கொரோனாப் படங்களில் பின்தொடர்ந்தார். 2012இல் அவரும் பியோர்ன் மென்ஸேயும் செய்மதிப் படங்களையும் உயர அளவீடுகளையும் கணினியால் ஆராய்ந்து, 23,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் 14,000 வரையான குடியிருப்பு இடங்களைக் குறித்தார்கள். மனிதர் நெடுங்காலம் வாழ்ந்த மண்ணின் நிறமும் சேர்க்கையும் மாறிவிடுகிறது. அதுவே அவர்கள் பிடித்த அடையாளம். சிரியாவில் போர் வெடித்தபின் தரையில் போக முடியாதபோது, தொல்லியல் இடங்களில் திருடர் தோண்டிய குழிகளை எண்ணவும் செய்மதிப் படங்களே உதவின.

எங்களிடமும் நடந்து பார்க்க முடியாத நிலம் இருக்கிறது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் பணி போர் முடிந்து பல ஆண்டுகளாக நீண்டது. வலிகாமம் வடக்கில் 1990இலிருந்து உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகளில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது, ஒரு பகுதி இன்னும் படையிடம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களைப் பார்க்க வேலிக்கு வெளியே நின்றபடியே ஒரு வழி உண்டு என்பது சிறிய விடயம் அல்ல.

படம் சொல்லாதவை

ஊடகக் கற்கைகள் படித்தபோது எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது ஒன்று: ஒரு படத்தைப் பார்த்தால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன், யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எதற்காக எடுத்தது என்று கேள். செய்மதிப் படத்துக்கும் இது பொருந்தும். அதன் எல்லைகளைத் தெரியாமல் பார்த்தால் நம்பிக்கையும் வதந்தியும் ஒன்றாகிவிடும்.

முதலாவது எல்லை, அளவு. எவரும் இலவசமாக எடுக்கக்கூடிய லான்ட்சற் படத்தில் ஒரு புள்ளி 30 மீற்றருக்கு 30 மீற்றர். எங்கள் கணக்கில் ஏறத்தாழ மூன்றரைப் பரப்புக் காணி. ஐரோப்பாவின் சென்ரினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீற்றருக்கு 10 மீற்றர், அரைப் பரப்பிலும் குறைவு. குளமும் ஆற்றுப்பட்டையும் இவற்றில் தெரியும். வீட்டு அத்திவாரம் தெரியாது.

இரண்டாவது, உயரம். 2000 பெப்ரவரியில், ஆனையிறவுத் தளம் வீழ்வதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், விண்ணோடம் ஒன்று பதினொரு நாட்களில் பூமியின் பெரும்பகுதியின் உயரத்தை ராடரால் அளந்தது. அந்தத் தரவு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஆனால் அதில் சில மீற்றர் வழு இருக்கும். அத்துடன் பனங்கூடல் மேல் விழுந்த ராடர், பனையின் தலையைத் தரையென்று எண்ணிக்கொள்ளும். மலைநாட்டில் இது பெரிய பிழையில்லை. நிலத்தின் பெரும்பகுதியும் பத்து மீற்றருக்குள் இருக்கும் குடாநாட்டில், ஒரு பனந்தோப்பு பழைய குடியிருப்பு மேடாகத் தோன்றிவிடும். இங்கே தாழப் பறக்கும் ட்ரோனோ லைடாரோதான் நம்பத்தகுந்த உயரத்தைத் தரும். ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. மேலிருந்து எடுத்த எந்தப் படமும் அங்கே வாழ்ந்தவர் என்ன மொழி பேசினார், எந்தத் தெய்வத்தை வணங்கினார் என்று சொல்லாது. எந்த நூற்றாண்டு என்றுகூடத் தனியே சொல்லாது. எங்கே பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்லும். எப்போது என்பதைச் சொல்ல மண்வெட்டியும் கரிமக் காலக்கணிப்பும் வேண்டும். யார் என்பதைச் சொல்ல எழுத்தும் பொருளும் நீண்ட விவாதமும் வேண்டும். தமிழ்நாட்டின் கீழடியில் நிலத்தைத் தோண்டுவதற்கு முன் காந்த அளவீடு, தரையூடுருவும் ராடர் போன்ற முறைகளைப் பயன்படுத்தினார்கள். ஆனால் கீழடி பற்றி நாங்கள் அறிந்தவை குழிகளுக்குள் கிடைத்த பானைகளிலும் எழுத்துகளிலும் இருந்து வந்தவைதான். யாழ்ப்பாணக் கோட்டையிலும் அப்படியே. 1990 முற்றுகையில் சிதைந்த அந்தக் கோட்டைக்குள், 2017 தொடக்கம் இங்கிலாந்தின் டேர்ஹாம் பல்கலைக்கழகமும் யாழ். பல்கலைக்கழகமும் மத்திய கலாசார நிதியமும் சேர்ந்து அகழ்ந்தபோதுதான், போர்த்துக்கேயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே வெளிநாட்டு வணிகத் தொடர்போடு மக்கள் இருந்தமை மட்பாண்டத் துண்டுகளால் உறுதியானது.

காணி பற்றிய அச்சம்

இந்த விடயத்தைப் பற்றி ஊரில் பேசினால் இரண்டாவது கேள்வியே இதுதான்: எங்கள் காணியில் பழைய சாமான் இருக்கென்று தெரிந்தால் காணி போய்விடுமா?

அந்த அச்சம் காற்றில் வந்ததல்ல. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறிமலையிலும் தொல்லியல் என்ற சொல் வழிபாட்டுக்கும் காணிக்கும் குறுக்கே நின்றதை மக்கள் கண்டிருக்கிறார்கள். கந்தரோடைத் தூபிகளையே ஒரு தரப்பு ஓர் இனத்தின் உரிமைப் பத்திரமாகக் காட்டுகிறது. தமிழரிடையே பௌத்தம் இருந்த காலம் பற்றிய பேச்சுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. இந்தச் சூழலில் மேலிருந்து எடுத்த ஒரு வரைபடம், யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆய்வும் ஆகலாம், ஆக்கிரமிப்புக்குக் கருவியும் ஆகலாம்.

அதற்காகப் பார்க்காமல் விடுவது விடையல்ல. நாங்கள் வரையாத வரைபடத்தை வேறொருவர் வரைவார். செய்மதிப் படம் பொதுவானது என்பதே இதில் உள்ள நல்ல செய்தி. திணைக்களம் பார்க்கும் அதே படத்தை யாழ். பல்கலைக்கழக மாணவரும் பார்க்கலாம், நீங்களும் பார்க்கலாம். ஒரு குளம் 1960களில் எங்கே இருந்தது என்பதற்குப் படம் இருந்தால், அதை மறுத்துப் பேசுவது எவருக்கும் எளிதல்ல.

ஊர் தெரிந்தவர் இல்லாமல் படம் ஊமை

தொலையுணர்வில் கள உறுதிப்படுத்தல் என்று ஒரு படி உண்டு. படத்தில் கண்டதை நிலத்தில் போய்ச் சரிபார்ப்பது. அது இல்லாத ஆய்வை எவரும் மதிப்பதில்லை. எங்கள் விடயத்தில் நிலம் மாறிவிட்டது. அப்படியானால் எதை வைத்துச் சரிபார்ப்பது?

வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட ஓர் ஊரில், திரும்பி வந்திருந்த முதியவர் ஒருவரிடம் அவருடைய ஊரின் செய்மதிப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன். பற்றைக் காடாக இருந்த காலத்துப் படம். கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்து, "தம்பி, இந்த வளைவு ஒழுங்கை. இதால போனா மாடு குளிப்பாட்டுற கேணி. நீங்கள் குளம் எண்டு கீறியிருக்கிறது குளமில்லை, சுண்ணாம்புக்குக் கல்லுக் கிண்டின கிடங்கு" என்றார். எந்தக் கணினியும் அந்தக் கிடங்கையும் கேணியையும் பிரித்திருக்காது. இரண்டும் வட்டமாக, இருண்டு, மாரியில் நீர் நிறைந்தே தெரியும்.

குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருந்தன என்று சொல்லப்படுகிறது. அவற்றில் பல தூர்ந்தும் நிரவப்பட்டும் போய்விட்டன. அவற்றின் பெயரும் இடமும் தெரிந்தவர்கள் எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள். பலர் இங்கே இல்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். கொரோனாப் படம் ஆவணக்காப்பகத்தில் இன்னும் ஐம்பது ஆண்டு இருக்கும். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் அவ்வளவு காலம் இருக்கமாட்டார்கள். இந்த வேலையின் அவசரம் அதுதான்.

என்ன செய்யலாம்?

பெரிய கருவி வேண்டாம். கூகிள் ஏர்த் மென்பொருளில் காலத்தைப் பின்னோக்கி நகர்த்தும் வசதி இருக்கிறது. உங்கள் ஊரைத் திறந்து பழைய ஆண்டுகளுக்குப் போய்ப் பாருங்கள். அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களத்தின் ஏர்த் எக்ஸ்புளோரர் தளத்தில் வரைபடத்தில் ஊரைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்தால், அந்தப் பகுதிக்குக் கிடைக்கும் லான்ட்சற் படங்களையும் இரகசியம் நீக்கப்பட்ட உளவுப் படங்களையும் தேடலாம். ஏற்கெனவே வருடப்பட்ட படங்கள் இலவசம். வருடப்படாத படச்சுருளுக்குக் கட்டணம் கட்டவேண்டும். ஐரோப்பாவின் கொப்பர்நிக்கஸ் தளத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை எடுக்கப்படும் சென்ரினல் படங்கள் இருக்கின்றன. மாரி முடிந்த ஜனவரி, பெப்ரவரிப் படத்தையும் கோடை உச்சத்துப் படத்தையும் ஒப்பிட்டால், எந்த நிலம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நீங்களே காண்பீர்கள்.

பார்த்ததை வீட்டில் உள்ள பெரியவரிடம் காட்டுங்கள். குளம், கேணி, துரவு, வாய்க்கால், தரவை, சுமைதாங்கி, மடம், பழைய கோயிலடி, சுடலை. ஒவ்வொன்றின் பெயரையும் அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். யார் சொன்னார், எந்தத் திகதியில் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். ஊர்ப்பெயரில் மறைந்திருக்கும் பிட்டி, ஓடை, குழி, தாழ்வு போன்ற சொற்கள் பழைய நிலத்தின் வடிவத்தைச் சொல்லக்கூடியவை.

இரண்டு எச்சரிக்கைகள். எதையும் தோண்டாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். சட்டத்தை விடுங்கள், தோண்டிய அடுக்கு திரும்பி வராது. மற்றது, பழைய பொருள் கிடக்கும் சரியான இடத்தை முகநூலில் போடாதீர்கள். புதையல் தேடுவோரும் அதைப் பார்ப்பார்கள். படம் எடுத்து, யாழ். பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினருக்குத் தெரிவியுங்கள்.

குடாநாட்டின் ஐந்து பிரதேசங்களை எடுத்து, போருக்கு முந்திய வான்படம், கொரோனாப் படம், இன்றைய படம் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஊர் முதியோரின் சொல்லோடு சேர்த்து ஒரு வரைபடம் செய்ய முடியும். பல்கலைக்கழகத்தின் தொல்லியல், புவியியல் மாணவர்களும் சனசமூக நிலையங்களும் புலம்பெயர் ஊர்ச்சங்கங்களும் சேர்ந்தால் போதும். ஊர்ச்சங்கங்கள் கோயில் திருவிழாவுக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் பணம் அனுப்புகின்றன. அவற்றின் ஒன்றுகூடல்களில் ஒருமுறை ஊரின் பழைய படத்தைச் சுவரில் ஒட்டி, பெரியவர்கள் கையில் ஒரு பேனையைக் கொடுத்துப் பாருங்கள். அன்று மாலைக்குள் அந்தப் படத்தில் வெற்றிடம் குறைந்திருக்கும்.